ஒரு இஞ்ச் தண்ணீர்

ஜன்னல் சட்டத்துக்குள் போகவில்லை.

சாரப் பலகை மேல் நின்றுகொண்டு கீழ் விளிம்பை அலுமினியப் பள்ளக் காடியில் உட்கார வைத்தோம். பிறகு மேல்பக்கத்தை மெல்ல உள்ளே சாய்த்தோம். இடப்பக்கம் நான், வலப்பக்கம் ரோசலின். மேல் விளிம்பு சட்டத்தில் போய் டொக்கென்று முட்டியது. விலக்கி மறுபடி சாய்த்தோம். மறுபடி டொக். முப்பது கிலோவுக்குக் குறையாத கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“எறக்குங்கண்ணா,” என்றாள்.

இறக்கிச் சுவரோரம் நிறுத்தினோம். அவள் தன் இரும்பு ஸ்கேலை எடுத்தாள். சட்டத்தை இரண்டு தடவை அளந்தாள். ஜன்னலை இரண்டு தடவை அளந்தாள். கட்டைவிரலின் நுனிக்கணுவை மட்டும் என் முன்னால் தூக்கிக் காட்டினாள். ஒரு இஞ்ச். உயரத்தில் ஒரு இஞ்ச் கூடுதல்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி. டயாலிசிஸ் செய்யும் அந்தப் புது அறையை மறுநாள் ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், பழைய அறையில், அவள் வீட்டுக்காரன் பிரகாசம் கையில் இரண்டு ஊசியோடு மிஷினில் படுத்திருக்கிறான். மூன்றரை வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

ரோசலின் யார் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இல்லாவிட்டால், போயும் போயும் ஒரு இஞ்சுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றும்.

ரோசலினுக்கு நாற்பத்தேழு வயது. மைசூரிலேயே பிறந்தவள். ஜெபம் தமிழில், எண்ணுவது கன்னடத்தில், கோபம் இரண்டிலும். கல்யாணமான மறுவருஷம், கலர் கண்ணாடித் துண்டுகளை இணைத்து ஜன்னல் செய்யும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். தரையில் சிதறிய சில்லுகளைக் கூட்டி அள்ளும் வேலை. மூன்று வருஷம் அதைத்தான் செய்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது, அள்ளிய சில்லிலேயே பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்து, யாருடைய கட்டரையாவது வைத்துக் கீறிப் பார்ப்பாள். ஒருநாள் வெட்டுகிறவன் வரவில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய தாமரை பாதியில் நின்றது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய் மீதி இதழை எல்லாம் வெட்டி வைத்தாள். அதற்குப் பிறகு துடைப்பத்தைத் தொடவில்லை.

அவள் வெட்டுவது கண்ணால் அல்ல, காதால். கட்டர் கண்ணாடி மேல் போகும்போது ஒரு சத்தம் வரும், பட்டுத் துணியைக் கிழிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் ஒரே சீராக வந்தால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். நடுவில் கரகரத்தாலோ நின்றாலோ அந்த இடத்தில் விரிசல் தன் வழியில் ஓடும். அதனால் அவள் வெட்டும்போது ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. நான் தும்மினால்கூட முறைப்பாள்.

முதலாளி பெங்களூருக்குப் போய்விட்ட பிறகு அவர் விட்டுப்போன மேஜை, அரவை மிஷின், மிச்சக் கண்ணாடி எல்லாவற்றையும் அக்ரஹாரத்துப் பின்சந்தில் தன் வீட்டை ஒட்டின ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். பூஜை அறைக் கதவு, மாடிப்படி ஜன்னல் என்று பதினோரு வருஷமாகச் செய்கிறாள். அவளுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பது நான். பெயர் பழனி, ராமாபுரத்துக்காரன், அலுமினிய வேலை, ஆறாவதோடு படிப்பு முடிந்தது. என்னைப் பற்றி அவ்வளவு போதும்.

வருகிறவர்கள் எல்லோரும் மயில்தான் கேட்பார்கள். “நம்ம ஊர்ல வேற பறவையே பறக்கலையா அண்ணா?” என்பாள். ஆனாலும் மயிலைச் செய்து கொடுப்பாள்.

பிரகாசம் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். வாயாடி. எனக்கும் அவனுக்கும் மாப்ள, மச்சான் பழக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு கிட்னியும் நின்றுபோயின. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் மிஷின். உடம்பில் சேருகிற தண்ணீரை மிஷின்தான் எடுக்க வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதையும் குடிக்கக் கூடாது. சாம்பார், காப்பி எல்லாம் அதில் சேர்த்தி. வெயிலில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

தை மாதம் அவன் இரண்டு தடவை போகவில்லை. லோடு என்று பொய் சொல்லிவிட்டுக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் மூச்சு முட்டி, முகம் ஊதி, ரோசலினும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்து எழுந்த பிறகு அவளிடம் சொன்னான்:

“ஊசி வலிக்குதுன்னு போகாம இருக்கல ரோசி. என் கட்டிலுக்கு எதிர்ல ஒரு கடிகாரம் மாட்டி வெச்சிருக்கான் பாரு, அதை நாலு மணி நேரம் பார்க்க முடியல. முள்ளு நகர்றதே இல்ல. இனிமே அதைப் பார்த்துக்கிட்டுப் படுக்க மாட்டேன். வேற எதையாச்சும் பார்க்கக் குடு. வர்றேன்.”

“அங்க ஏரிக்கரையில என்னத்தைப் பார்த்த, நாள் பூரா?”

“ஹெஜ்ஜார்லேயை.” கூழைக்கடாவைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். “அது எறங்குறத பார்த்திருக்கியா? லோடு ஏத்தின லாரி பிரேக் போடற மாதிரி.”

அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். அவனுக்கு மிஷின் போடுகிற டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் புது அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுக் கட்டில், மேற்குச் சுவரில் ஒரு உயரமான ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஷெட். படுத்திருக்கிறவன் கண்ணுக்கு அதன் புகைக்குழாய் மட்டும் தெரியும். மேனேஜர் நஞ்சுண்டசாமியிடம் போய், அந்த ஜன்னலுக்குப் பறவைக் கண்ணாடி செய்து வைக்கிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்றாள். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனாலும் பக்கத்தில் ஒரு ஆளிடம் கம்ப்யூட்டரில் அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றுக்கும் சொல்லி வைத்தார். திறப்பு விழாவுக்கு டிரஸ்ட் தலைவர் வரும்போது புகைக்குழாய் தெரியக் கூடாது என்பது அவர் கவலை. அந்த ஸ்டிக்கரின் மாதிரியைப் பிரகாசத்துக்கும் காட்டியிருக்கிறார். ஏதோ வெளிநாட்டு அருவி. நுரை பொங்கிக் கொட்டுகிறது.

பிரகாசம் வீட்டுக்கு வந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது வந்தா நான் வரல,” என்றான்.

ரோசலினுக்கு அவன் சிரித்ததும் தெரியும், நிறுத்தியதும் தெரியும்.

இரண்டு மாதம் விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போய் நின்று பார்த்துப் படம் போட்டாள். மேலே, இரண்டு இறக்கையும் விளிம்பைத் தொடுகிற மாதிரி ஒரு கூழைக்கடா இறங்குகிறது. நடுவில் மொட்டை மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைக்கின்றன. கீழே மூன்று வர்ண நாரைகள், பின்பக்கம் ரோஸ் நிறம், காலைத் தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. மொத்தம் இருநூற்றுப் பதினாலு துண்டு. தண்ணீரை மட்டும் கொஞ்சமாக வைத்தாள். அதற்கே பிரகாசம், “நாரைக்குக் கெரண்டைக்கால் அளவு போதும், நீ முட்டி வரைக்கும் விட்டிருக்க,” என்று வம்பு பண்ணினான்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

வைகாசியில் அளவெடுக்கப் போனோம். அகலம் இரண்டரை அடி, அதை அவள் ஸ்கேலாலேயே எடுத்தாள். உயரத்துக்கு நான் ஏணியில் ஏறி என் டேப்பைப் பிடித்தேன். என் டேப்பின் நுனிக் கொக்கி உடைந்து வருஷம் ஆகிறது. எங்கள் தொழிலில் முதலில் உடைவது அதுதான். அதற்காக யாரும் டேப்பை மாற்ற மாட்டார்கள். ஒரு இஞ்ச் கோட்டை ஓரத்தில் வைத்துப் பிடிப்போம். கண்ணில் படுகிறதை அப்படியே கத்திச் சொல்வோம். கீழே எழுதுகிறவன் ஒரு இஞ்சைக் கழித்து எழுதுவான். சொல்கிறவன் கழிக்கவே கூடாது. இரண்டு பேரும் கழித்தால் கண்ணாடி குட்டையாகிவிடும், குட்டையானது குப்பைக்குத்தான். நான் தொழில் கற்ற கடையில் இது சட்டம் மாதிரி.

“அஞ்சு அடி, ரெண்டு இஞ்ச், நாலு நூல்,” என்று கத்தினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அவள் வந்த பட்டறையில் முறை வேறு. அங்கே மேலே இருக்கிறவன் சொல்வதுதான் கடைசி அளவு. எழுதுகிறவர் ஒரு நூலைக்கூட மாற்றக் கூடாது. பதினோரு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். வழக்கமாக அவள் செய்து முடித்த கண்ணாடிக்குத்தான் நான் சட்டம் போடுவேன். என் அளவுக்கு அவள் கண்ணாடி செய்தது இதுவே முதல் தடவை. வெளிப்பக்கத்துக்கு நான் போட்ட கெட்டிக் கண்ணாடி சரியாக உட்கார்ந்தது, ஏனென்றால் அதற்கு நான் கழித்துத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு டைல்ஸ் வேலை என்று அறையைப் பூட்டிவிட்டார்கள். அவள் மறுபடி அளந்து பார்க்க வழியில்லை.

சட்டத்தைப் பெரிசு பண்ணலாமே என்று கேட்பீர்கள். அந்த வெளிக்கண்ணாடி சூட்டில் கெட்டிப்படுத்தினது. வெட்டவும் முடியாது, ஓரத்தைத் தேய்க்கவும் முடியாது. சட்டம் அதற்கென்று போட்டது. குறைய வேண்டியது பறவை ஜன்னல்தான்.

அன்று காலைதான் பிரகாசம் தன் ஆட்டோவிலேயே அதைக் கொண்டுவந்திருந்தான். இந்த மாதிரி ஜன்னலைப் படுக்க வைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே வளைந்து உடையும். நிற்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். பின்னால் நானும் ரோசலினும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு ஹம்ப்புக்கும் அவன் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி ஓட்டினான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தபோது தலையை வெளியே நீட்டி, “ஏன் குரு, ஏரியையே ஏத்திக்கிட்டுப் போறேன், தளும்பாதா?” என்றான். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். வந்து சேர்ந்து, சிரித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளப் போனான்.

இப்போது நஞ்சுண்டசாமி வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் விழா என்றால் பதறுகிறவர். எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார்.

“என்னரீ இது? நாளைக்கு எல்லாரும் வர்றாங்க, இன்னிக்கு அளவு சரியில்லையா? யார் அளவு எடுத்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசலின், “எழுதினது நான்தான் சார்,” என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கட்டடத்தின் கதவு ஜன்னல் எல்லாம் என் வேலை. அடுத்த மாடியும் எனக்கென்று சொல்லியிருந்தார்கள். அதைத்தான் நினைத்தேன். வேறு ஒன்றும் காரணம் இல்லை.

“சாயங்காலம் அஞ்சு மணி,” என்றார் அவர். “அஞ்சுக்கு ஸ்டிக்கர்காரன் வருவான். அப்போ இது உள்ள இருந்தா சரி. இல்லேன்னா ஒட்டிடுவேன். இங்க அறைக்குள்ள வெட்டறது, ஈயம் பத்த வைக்கறது ஒண்ணும் ஆகல்ல, கூடவே கூடாது. கழுவி முடிச்சாச்சு.”

ஜெனரேட்டர் ஷெட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரை இருந்தது. ஜன்னலை ஒரு கெட்டிப் பலகையோடு சேர்த்து நிமிர்த்திக் கொண்டுபோய், பலகையோடே மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம். என் வண்டியில் போய் அவள் ஷெட்டிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்தேன். அவள் முழங்காலிட்டு ஜன்னலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“மேல குறைச்சிக்கலாமா அம்மிணி?” என்றேன்.

“மேல எடுத்தா ஹெஜ்ஜார்லே எறக்கை போயிரும். நடுவுல எடுக்க முடியாது.” கீழ்வரிசையைத் தொட்டாள். “தண்ணியிலதான் எடுக்கணும்.”

கீழே ஒன்பது நீலத் துண்டுகள். ஈயப்பற்றை உருக்கி ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, அடியில் ஒரு இஞ்ச் வெட்டி, ஓரத்துக்குப் புதுசாகச் செம்பு டேப் சுற்றி, திரும்ப வைத்துப் பற்ற வைக்க வேண்டும். அந்த நீலம் பழைய முதலாளி விட்டுப்போன தாள். கையால் உருட்டினது, ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெலிசு. வேறு துண்டு கிடையாது. உடைந்தால் உடைந்ததுதான்.

ஒரு மணிக்கு முதல் துண்டை எடுத்தாள். சூடு ஆறுகிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பலகையில் வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரை இழுத்தாள். பட்டு கிழிகிற சத்தம். இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு மடக்கு. டிக். ஒரு இஞ்ச் பட்டை நேராக விட்டுப்போனது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

“ஊதாதீங்கண்ணா,” என்றாள்.

இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். ஐந்தாவதை வெட்டிக்கொண்டிருக்கும்போது மிஷின் அறை நர்ஸ் ரூபா பின்வாசலுக்கு வந்தாள். அவள் கன்னடத்தில் கேட்டாள்: ஜன்னல் வைத்தாயிற்றா என்று பிரகாசம் பத்து தடவை கேட்டுவிட்டார், பிரஷர் வேறு ஏறுகிறது, என்ன சொல்லட்டும்?

ரோசலின் தலையைத் தூக்கவில்லை. “வெச்சாச்சுன்னு சொல்லுங்க.”

ரூபா தரையில் கிடந்த ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

ஆறாவது முடிந்தது. ஏழாவது நடு நாரையின் காலடியில் இருக்கிற துண்டு, எல்லாவற்றிலும் நீளம். அதில் ஸ்கேலை வைத்துக் கட்டரை இழுக்கத் தொடங்கினாள். கால்வாசி போயிருக்கும். கரண்ட் போனது. தசரா விளக்குக்குக் கம்பி இழுக்கிறார்கள் என்று அந்த வாரம் பூராவும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், நாலு முழம் தள்ளி, ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. தரை அதிர்ந்தது. சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை.

கீறலைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டுத் திரும்ப அதே கோட்டில் கட்டரை வைக்கவும் கூடாது. அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் எழுந்து ஷெட்டுப் பக்கம் திரும்பினேன். அவள் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்க போறீங்க?” கத்தினாள்.

“சித்த நேரம் நிறுத்தச் சொல்லிட்டு வர்றேன்.”

கன்னத்தில் அறைகிற மாதிரி அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஜெனரேட்டர் ஓட்டுகிறது பிரகாசத்தின் மிஷினை. அவன் ரத்தம் அதில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காது இல்லாமல், விரலில் வருகிற அதிர்வை மட்டும் வைத்துக் கட்டரைக் கடைசி வரைக்கும் இழுத்தாள். எது அவள் கீறலின் அதிர்வு, எது தரையின் அதிர்வு, யாருக்குத் தெரியும். எடுத்து மடக்கினாள். ஒரு இஞ்ச் பட்டை முக்கால்வாசி நேராக வந்தது. மீதிக் கால்வாசியில் விரிசல் திரும்பி, மேல்நோக்கிச் சாய்வாக ஓடி, துண்டை இரண்டாக்கிவிட்டது.

இரண்டு கையிலும் இரண்டு பாதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பிறகு உடைந்த ஓரங்களுக்கும் செம்பு டேப் சுற்ற ஆரம்பித்தாள். ஒன்றாக இருந்த இடத்தில் இரண்டு துண்டு, நடுவில் ஒரு ஈயக்கோடு. நாரையின் காலும் இல்லை, அலையும் இல்லை. தண்ணீருக்குள் சம்பந்தமில்லாமல் ஒரு கறுப்புக் கோடு.

எட்டாவதையும் ஒன்பதாவதையும் அந்தச் சத்தத்திலேயே வெட்டினாள். உடையவில்லை. கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றபோது மணி நாலு.

நிமிர்ந்து பார்த்தால் பின்வாசலில் பிரகாசம் நிற்கிறான். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக் கட்டியிருந்தது. முகம் வெளிறியிருந்தது. தரையில் ஜன்னலும் அதன் அடியில் காலி இடமும்.

“இதத்தான் வெச்சாச்சுன்னு சொன்னாங்களா?” என்றான்.

ரோசலின் சால்டரிங் கம்பியைச் சூடு பண்ணிக்கொண்டே, “தரையில வெச்சிருக்கு,” என்றாள்.

அவன் அதற்குச் சிரிக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “மச்சான், எவ்வளவு தப்பு?”

“ஒரு இஞ்ச்.”

“யாரோடது?”

நான் குனிந்து தரையில் கிடந்த நீலப் பட்டைகளைப் பொறுக்கினேன்.

நாலரைக்கு மேகம் கறுத்தது. பற்ற வைத்த கண்ணாடி சூடாக இருக்கும்போது ஒரு துளி விழுந்தால் போதும், படீரென்று போய்விடும். பழைய விழா பேனர் ஒன்றை ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து அவள் தலைக்கு மேல் ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிரகாசம் எழுந்து வந்தான்.

“நீ உக்காரு மாப்ள.”

“ஊசி குத்தினது இந்தக் கை. இன்னொண்ணு சும்மாதானே இருக்கு.”

தூறல் விழுந்தது. பேனரில் தண்ணீர் சேர்ந்து நடுவில் தொங்கியது. அவள் கீழே துண்டு துண்டாக இணைத்துக்கொண்டு போனாள். பேனர் ஆடினால் போச்சு.

ஐந்து மணிக்கு நஞ்சுண்டசாமி குடையோடு வந்தார். பின்னால் ஸ்டிக்கர்காரன், தோளில் சுருட்டிய அருவி.

“ஆகல்ல ரோசலின்,” என்றார். முடியாது என்பதைத்தான் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். “இன்னும் எத்தனை இருக்கு? ரெண்டா? அப்புறம் கழுவணும், தூக்கணும். இந்தப் பையன் வேற வேலைக்குப் போகணுமாம். ஒட்டச் சொல்லிடறேன். உங்களுது அப்புறம் பார்ப்போம்.”

அப்புறம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ரோசலின் சால்டரிங் கம்பியை விலக்கவில்லை. ஆனால் அவள் கை நின்றுவிட்டது. சொட்டு ஈயம் ஒரே இடத்தில் திரண்டது.

“சார்,” என்றேன். “அளவு சொன்னது நான். என் டேப்புல ஒரு இஞ்ச் கிடையாது. கழிச்சுச் சொல்லாம விட்டுட்டேன். அந்தம்மா மேல தப்பில்ல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “காலையிலே ஏன் சொல்லலே?”

“பயந்துட்டேன் சார். மேல் மாடி வேலை போயிரும்னு.”

அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. பிரகாசம் இடையில் புகுந்தான். ஒரு கையால் பேனரைப் பிடித்தபடியே, “சார், எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்,” என்றான். “இந்த அறையில படுக்கப்போற எட்டுப் பேருக்கும் அதே கதிதான். நாலு மணி நேரம் அருவியைப் பார்த்துக்கிட்டுப் படுன்னா எப்படி சார்? நீங்க ஒரு நாள், காலையில இருந்து தண்ணி குடிக்காம வந்து, அதுக்கு எதிர்ல படுத்துப் பாருங்க. நான் வேணா மிஷினை ஓட்டறேன்.”

ஸ்டிக்கர்காரன் தன் தோளில் இருந்த சுருளைத் திரும்பிப் பார்த்தான். நஞ்சுண்டசாமி குடையை விலக்கி அந்தச் சுருளைப் பார்த்தார்.

“யாரும் என்கிட்ட இதைச் சொல்லலையே,” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு மணி வரைக்கும். அதுக்கு மேல நானே இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

ஐந்து நாற்பதுக்கு மழை விட்டது. கடைசிப் பற்று ஆறியதும் துடைத்து, பலகையோடு நிமிர்த்தி உள்ளே கொண்டுபோனோம். ஸ்டிக்கர்காரனும் ஒரு கை கொடுத்தான். சாரப் பலகை மேல் ஏறினோம். கீழ் விளிம்பு காடியில் உட்கார்ந்தது. ரோசலின் மேலே பார்க்கவில்லை, என் கையையே பார்த்தாள். சாய்த்தோம். மேல் விளிம்பு சட்டத்தை நெருங்கியது. இந்தத் தடவை டொக் வரவில்லை. ஒரு நூல் இடைவெளி விட்டு, உள்ளே போய் நின்றது.

நான் ரப்பர் பட்டையை அடித்து முடித்தபோது மழை கழுவின வானத்தில் மேற்கே வெளிச்சம் வந்தது. புகைக்குழாயைக் காணோம். கூழைக்கடா இறங்கிக்கொண்டிருந்தது. நாரைகளின் ரோஸ் நிறம் நாலாம் கட்டில் மேல் விழுந்தது. பிரகாசம் அந்தக் கட்டிலில் போய்ச் செருப்போடு படுத்தான். ரூபா அதட்டியும் எழவில்லை.

“இன்னிக்கு எனக்கு ரெண்டரை கிலோ தண்ணி எடுத்தாங்க,” என்றான். “இதுக்கு ஒரு இஞ்ச் எடுத்திருக்க. இப்பதான் கெரண்டைக்கால் அளவு.”

ரோசலின் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இரண்டு இடத்தில் சூடு பட்டிருந்தது. அவள் கூழைக்கடாவையும் பார்க்கவில்லை, நாரையையும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் கிடந்த அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கதவு ஒன்று உரசுகிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். மேல் மாடி வேலையைப் பற்றி நஞ்சுண்டசாமி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எனக்கே கொடுத்தார், அளவை மட்டும் அவருடைய ஆள் எடுத்தான். பிரகாசம் நாலாம் கட்டிலில் ஊசியோடு படுத்திருந்தான். ரோசலின் பக்கத்தில். மற்ற ஏழு பேரும் மேற்குச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்கள். கடிகாரத்தை வாசலுக்கு மேலே, தலைக்குப் பின்னால் மாற்றியிருந்தார்கள்.

“ரோசி, எல்லாம் புரியுது,” என்றான் பிரகாசம். “அந்தக் கோடு என்னது? நாரைக் காலும் இல்ல, மீனும் இல்ல. தனியா, கோணலா நிக்குது.”

ரோசலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“அது பழனிண்ணன்,” என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் குலுங்கிச் சிரித்து, கை அசைந்து பிரஷர் மிஷின் கத்த, ரூபாவிடம் திட்டு வாங்கினார்.

இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிறது. பிரகாசம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ரூபா புதிதாக வருகிறவர்களுக்கு ஊசி குத்தும்போது, அவர்கள் பயத்தை மறப்பதற்காக, விரலை நீட்டிக் கன்னடத்தில் சொல்லிக் கொடுக்கிறாள்: மேலே இருக்கிறது ஹெஜ்ஜார்லே, மரத்தில் நீர்க்காகம், கீழே நாரை மூன்று, அந்தக் கோணல் கோடு பழனி.

நான் புது டேப் வாங்கிவிட்டேன்.